சைடு லாக் மட்டும் போதுமா?

பைக்கை நிறுத்துகிறோம். ஹேண்டிலை ஒரு பக்கமாகத் திருப்பி, சாவியை அழுத்தித் திருகுகிறோம். சைடு லாக் போட்டாச்சு என்று நிம்மதியாக மாடியேறிப் போய்விடுகிறோம். 2024 அக்டோபர் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. மழை எச்சரிக்கை வந்தாலே வண்டியை எங்கே ஏற்றி வைப்பது என்பதுதான் முதல் கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் பைக் சீட் வரை தண்ணீரில் நின்றது. தெரிந்த மெக்கானிக்கிடமே கொடுத்து எஞ்சினைப் பிரித்து மாட்டினேன். அதனால் அடுத்த ஆண்டு அக்டோபரில் கனமழை என்றதும், வேளச்சேரி மேம்பாலத்தில் பலர் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த வரிசையின் கடைசியில் என் பைக்கையும் விட்டுவிட்டு வந்தேன். சைடு லாக் போட்டிருந்தேன். ஜி.பி.எஸ். டிராக்கரும் இருந்தது. மறுநாள் மாலை போனால் கார்கள் நின்றன, பைக்கைக் காணோம்.

ஏன் இப்படி ஆயிற்று என்று பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். முதலில் சைடு லாக். உள்ளே இருப்பது ஒரு சிறிய உலோக முள்தான். சாவியைத் திருப்பும்போது அது வெளியே வந்து ஒரு குழிக்குள் உட்காருகிறது. ஹேண்டில் பாரோ நீளமான நெம்புகோல். அதன் முனையில் காலால் ஓங்கி உதைத்தால் முழு விசையும் அந்த முள்ளின் மேல் விழுகிறது. நாலைந்து உதையில் கதை முடிந்துவிடும்.

அடுத்து சாவி. பெரும்பாலான பைக்குகளில் சாவி என்பது ஒரு சுவிட்ச்தான். ஒயர் தெரிந்தவனுக்குச் சாவியே வேண்டாம். இம்மொபிலைசர் உள்ள வண்டி என்றால் விஷயம் வேறு. சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். அது சொல்லும் எண் சரியாக இருந்தால்தான் ஈ.சி.யு. எஞ்சினை ஓட விடும். 2023 ஜனவரியில் வந்த ஆக்டிவா ஹெச்-ஸ்மார்ட் மாடலில் இந்த வசதி உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் ஈ.சி.யு. வந்துவிட்டது. அதற்காக எல்லாவற்றிலும் இம்மொபிலைசர் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வாங்கும்போதே கேளுங்கள்.

ஆனால் திருடன் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? ஒருவன் நம் பைக்கில் உட்கார, இன்னொருவன் தன் பைக்கில் இருந்தபடி காலால் தள்ளிக்கொண்டே போகலாம். பெட்ரோல் தீர்ந்த வண்டி என்று நாமே வழி விடுவோம்! இதற்கு இம்மொபிலைசர் ஒன்றும் செய்யாது. சக்கரம் சுற்றாமல் இருக்க வேண்டும், அல்லது வண்டி அசையாத ஒன்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் டிஸ்க் லாக் நல்லது. அலாரம் உள்ளதும் கிடைக்கிறது. பூட்டியதை மறந்து வண்டியை எடுத்தால் நாம்தான் கீழே விழுவோம். எனவே ஹேண்டிலில் மாட்டும் நினைவூட்டு கயிறும் சேர்ந்து வருவதாக வாங்குங்கள். இரண்டு பேர் அப்படியே தூக்கி வேனில் ஏற்றினால் இதுவும் பயன்படாது. அதற்குத்தான் சங்கிலி. பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் லாக்கை நம்பாதீர்கள், கட்டர் வைத்தால் நொடியில் போய்விடும். கெட்டிப்படுத்திய எஃகுச் சங்கிலியாக இருக்கட்டும். அதைப் பின்சக்கரத்தின் வழியாக விட்டு, தூணிலோ தரையில் பதித்த இரும்பு வளையத்திலோ பூட்டுங்கள். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை உடம்பின் எடையோடு அழுத்தினால் சுலபமாக வெட்டிவிடலாம்.

சரி, டிராக்கர் என்ன ஆயிற்று? இது நம் ஏரியா, எனவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். டிராக்கரில் ஜி.பி.எஸ். சிப்பும் ஒரு சிம் கார்டும் இருக்கும். இடத்தைக் கண்டுபிடித்து நெட் வழியாக நம் போனுக்கு அனுப்பும். எனக்கு மாட்டியவர் அதை சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். யாராக இருந்தாலும் முதலில் தேடுகிற இடம். அதில் தனி பேட்டரியும் கிடையாது. ஒயரை வெட்டியதும் செத்துவிட்டது. கடைசியாக 'பவர் கட்' என்று ஒரு நோட்டிபிகேஷன் அனுப்பியிருக்கிறது, அதிகாலை 2.40-க்கு. தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் கிடந்தது. அடுத்த நாள்தான் பார்த்தேன். இன்றே உங்கள் போனில் அந்த ஆப்பின் நோட்டிபிகேஷன் செட்டிங்கைத் திறந்து, 'டூ நாட் டிஸ்டர்ப்' இருக்கும்போதும் ஒலிக்கும்படி மாற்றுங்கள்.

வாங்கும்போது உள் பேட்டரி இருக்கிறதா, 4ஜி-யா என்று பாருங்கள். 2ஜி மட்டும் உள்ள கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. மின்சாரக் கணக்கும் முக்கியம். டிராக்கர் 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 200 மணி நேரத்தில், அதாவது சுமார் எட்டு நாளில் காலி. செல்ஃப் ஸ்டார்ட் அதற்கு முன்பே மக்கர் செய்யும். ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்.

ஏர்டேக் வைக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதில் ஜி.பி.எஸ். கிடையாது. அருகில் போகும் ஆப்பிள் சாதனங்கள் புளூடூத் வழியாக அதைப் பார்த்து இடத்தைச் சொல்கின்றன. அதோடு, யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, 'உங்களுடன் ஒரு ஏர்டேக் வருகிறது' என்று திருடனின் ஐபோனுக்கும் எச்சரிக்கை போகும். 2023 முதல் ஆண்ட்ராய்டு போனுக்கும் போகிறது. தொலைத்த சாவியைத் தேடத்தான் அது லாயக்கு.

என்னை அதிகம் வலிக்கச் செய்தது இன்ஷூரன்ஸ். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். திருட்டும் வெள்ளமும் அடங்குவது ஓன் டேமேஜ் பகுதியில்தான். அது பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மட்டுமே போடப்படுகிறது. 'ஐந்து வருட இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்ற நினைப்பில் அதை நான் புதுப்பிக்கவே இல்லை. மிக்ஜாமின்போது கிளெய்ம் கேட்டிருந்தாலாவது தெரிந்திருக்கும். கையில் இல்லாத வண்டிக்கு மீதி ஒன்பது தவணை கட்டினேன்.

புகார் கொடுப்பதிலும் குழம்பினேன். பள்ளிக்கரணை மாநகராட்சிக் கணக்கில் சென்னை. போலீஸ் கணக்கில், 2022 ஜனவரியில் தொடங்கிய தாம்பரம் ஆணையரகம். வண்டி போனதோ வேளச்சேரியில். எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்று யோசித்தே அரை நாள் ஓடியது. யோசித்திருக்கவே வேண்டாம். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். எப்.ஐ.ஆர். போட்டதும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். கிளெய்மின்போது இரண்டு சாவியையும் கேட்பார்கள். எனவே ஸ்பேர் சாவி எங்கே என்று இப்போதே தேடிப் பாருங்கள்.

இப்போது ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறேன். பார்க்கிங் தூணுக்குப் பக்கத்தில் தரையில் வளையம் பதித்தாயிற்று. மழைக்காலத்தில் மேம்பாலத்தில் கட்டுவதற்குத் தூண் கிடைக்காதே என்று யோசித்தோம். எதிர்வீட்டுக்காரர் வண்டியையும் என் ஸ்கூட்டரையும் எதிரெதிர்த் திசையில் நிறுத்தி, ஒரே சங்கிலியில் பூட்டிவிடுவதாக ஏற்பாடு. சாவி ஆளுக்கு ஒன்று.