முறையீட்டின் முதற்படி

இந்திய அயலுறவுப் பணியில் 1949இல் சேர்ந்த சி.பி. முத்தம்மா, அப்பணியில் இடம்பெற்ற முதல் பெண். குடகில் பிறந்து சென்னையில் கல்லூரிக் கல்வி பயின்றவர். பெண் அலுவலர் திருமணம் செய்துகொள்ள அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெறவேண்டும் என்றும், குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறாகும் என அரசு கருதினால் அவர் பதவி விலகவேண்டும் என்றும் அக்காலப் பணி விதிகள் கூறின. ஆண்களுக்கு இத்தகைய தடை இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றத்தில் மனு அளித்தார். மனு விசாரணைக்கு வந்தபோது அவருக்குப் பதவி உயர்வு வழங்கப்பட்டிருந்ததால், 1979இல் மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தம் தீர்ப்பில் அவ்விதிகளைக் கடுமையாகச் சாடினார். அவரது பணிமூப்பை மறுஆய்வு செய்யுமாறும் பாகுபாடான விதிகளைக் களையுமாறும் அரசுக்கு உணர்த்தினார்.

முத்தம்மா எதிர்த்த பாகுபாடு அச்சிட்ட விதியாகவே இருந்தது. இன்று பெரும்பாலான பாகுபாடுகள் அவ்வாறு எழுத்தில் அமைவதில்லை. ஒரு சொல்லிலோ, ஒரு மௌனத்திலோ, பட்டியலில் விடுபட்ட ஒரு பெயரிலோ அவை மறைந்திருக்கும். ஆகவே, பாதிக்கப்பட்டவரே அதனை எழுத்தில் கொண்டுவர வேண்டியுள்ளது. நிகழ்ந்த நாள், இடம், கூறப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைத்தல் வேண்டும். மாதங்கள் கடந்தபின் நினைவிலிருந்து எழுதும் குறிப்புக்கு அத்துணை வலிமை இராது. பணி நியமன ஆணை, ஊதியச் சீட்டு, குறிப்பாணைகள் ஆகியவற்றின் படிகளை வீட்டிலும் வைத்திருப்பது நன்று.

“என்னை மதிப்பதில்லை” என்பது மனக்குறை. “என்னைவிடப் பணிமூப்பில் இளையவரும் என்னையொத்த தகுதியுடையவருமான ஒருவருக்குப் பதவி உயர்வு அளிக்கப்பட்டது; எனது உடற்குறையைக் காரணம் காட்டி எனக்கு மறுக்கப்பட்டது” என்பது முறையீடு. ஒப்பீடும் காரணமும் இரண்டாவதில் உள்ளன. வகுப்பறையில் நாம் மதிப்பெண்ணுக்காக எழுதிப் பழகும் விண்ணப்பக் கடிதத்தின் உண்மையான பயன் இத்தகைய இடத்தில்தான் விளங்கும்.

அடுத்து, யாரிடம் அளிப்பது என்னும் வினா எழுகிறது. இதற்கு அந்தந்தச் சட்டமே விடை தரும். சான்றாக, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, ஊனத்தை மட்டுமே காரணமாக்கிப் பதவி உயர்வை மறுத்தலாகாது என்கிறது. ஒவ்வோர் அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும். அவர் முறையீட்டைப் பதிவேட்டில் பதிந்து, இரு வாரங்களுக்குள் விசாரித்தல் வேண்டும். அவரது நடவடிக்கையில் நிறைவுறாதவர் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடக் கடமைப்பட்டவை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்குள்ள புகார்க் குழுவிடம் நிகழ்வு நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். தக்க காரணம் இருப்பின் குழு இக்கால வரம்பை மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். காலவரம்பை அறியாமல் பொறுமை காத்து உரிமை இழந்தோர் உண்டு. பொறுமை நற்குணமே, சட்டத்தின் நாள்காட்டி அதனைக் கணக்கில் கொள்வதில்லை.

முறையீட்டை நேரில் அளித்தால் படியில் தேதியுடன் ஒப்புகைக் கையொப்பம் பெறுதல் வேண்டும். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பிச் சீட்டைப் பாதுகாத்தல் வேண்டும். வழக்கறிஞருக்குப் பொருள் இல்லையே என அஞ்சுவோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உள்ளது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர் அங்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி பெறலாம். 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் கிடைக்கும்.