போரில் ஒரு குண்டுகூடச் சுடாத போர்க்கப்பல்: 'வாரியர்' பத்தே வருடத்தில் பழசானது ஏன்?

1861-ல் பணிக்கு வந்தபோது, உலகின் மிகச் சக்திவாய்ந்த போர்க்கப்பல் என்று பெயர் எடுத்தது பிரிட்டனின் 'எச்.எம்.எஸ் வாரியர்'. பத்து வருடத்தில் அது பழைய மாடல். பிறகு அரை நூற்றாண்டு, எண்ணெய்க் கிடங்கின் வாசலில் வெறும் மிதவை. இன்று போர்ட்ஸ்மவுத்தில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அருங்காட்சியகம். இந்தக் கப்பலின் கரியர் இப்படி ஏறி இறங்கியது எப்படி?

எதற்காகக் கட்டினார்கள்?

காரணம், பிரான்ஸ். 1858-ல் 'குளுவார்' என்ற போர்க்கப்பலை பிரான்ஸ் கட்டத் தொடங்கியது. மர உடலுக்கு மேலே இரும்புக் கவசம். மரக்கப்பல்களை நம்பிக் கடலை ஆண்ட பிரிட்டனுக்குத் தூக்கம் போச்சு. வெடிக்கும் குண்டுகளுக்கு முன்னால் மரம் தாங்காது என்பது தெரிந்த விஷயம்.

1859 மே மாதமே பதிலடிக்கு ஆர்டர் போனது. பிரான்ஸ் மரத்தின் மேல் இரும்பைப் போர்த்தியது என்றால், பிரிட்டன் உடலையே இரும்பில் கட்டியது. லண்டன் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸில் வேலை நடந்தது. 1860 டிசம்பர் 29-ல் தண்ணீரில் இறக்கப் போனால், கடுங்குளிரில் சறுக்குமேடையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது கப்பல். கூடுதல் இழுவைப் படகுகளை வைத்துத்தான் இறக்கினார்கள்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

128 மீட்டர் நீளம், சுமார் 700 பேர், 40 பீரங்கிகள். கப்பலின் நடுப்பகுதியில் 114 மி.மீ. இரும்புத் தகடு, அதன் பின்னால் சுமார் 46 செ.மீ. தேக்கு. இரும்பு குண்டைத் தடுக்கும். தேக்கு அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

நீராவி எஞ்சின் இருக்கும்போது பாய் எதுக்கு?

எல்லாம் நிலக்கரிக் கணக்குதான். பத்து கொதிகலன்களும் எரிந்தால் இருப்பு வேகமாகக் கரையும். போகிற இடமெல்லாம் நிலக்கரி கிடைக்காது. அதனால் நீண்ட பயணத்துக்குப் பாய், சண்டைக்கு எஞ்சின். இன்றைய ஹைப்ரிட் கார் மாதிரி.

பாய் விரித்து ஓடும்போது, தண்ணீருக்குள் இருக்கும் ப்ரொப்பெல்லர் வேகத்தைக் குறைக்கும். எனவே நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பிடித்து அதைக் கப்பலுக்குள் தூக்கிவிடுவார்கள். புகைபோக்கிகளும் டெலஸ்கோப் போல உள்ளே இறங்கும்.

சண்டை போட்டதா?

இல்லவே இல்லை. 1863-ல் பிரிட்டன் கரையோரமாகச் சுற்றி வந்தபோது மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 1869-ல் 'பிளாக் பிரின்ஸ்' கப்பலுடன் சேர்ந்து, ஒரு மிதக்கும் பழுதுபார்ப்புத் தளத்தை மதேராவிலிருந்து பெர்முடா வரை அட்லாண்டிக் வழியாக இழுத்துச் சென்றது. 3,77,292 பவுண்டு செலவழித்தது இதுக்குத்தானா? எதிரியை மோதவே யோசிக்க வைப்பதும் ஒரு போர்க்கப்பலின் வேலைதான்.

பழசானது எப்படி?

வாரியர் சூடேற்றிய போட்டியே அதை முந்திவிட்டது. கவசம் வந்ததும் பீரங்கிகள் வலுத்தன. பீரங்கி வலுத்ததும் கவசம் தடித்தது. சில வருடங்களிலேயே வாரியரின் சொந்தப் பீரங்கிகளையே மாற்ற வேண்டியிருந்தது. சுக்கான் இருந்த பின்பகுதிக்கோ கவசமே இல்லை. 1871-ல் பிரிட்டன் இறக்கிய 'டெவஸ்டேஷன்' கப்பலில் சுழலும் பீரங்கி மேடைகள் இருந்தன, பாயே இல்லை. 1875-ல் வாரியர் ரிசர்வ் பணிக்குப் போனது. 1883-ல் கடல் பணியும் முடிந்தது.

அப்புறம் எப்படித் தப்பித்தது?

யாரும் வாங்காததால். கூடப் பிறந்த 'பிளாக் பிரின்ஸ்' 1923-ல் பழைய இரும்புக்குப் போய்விட்டது. 1904 முதல் டார்ப்பிடோ பயிற்சிப் பள்ளியில் பக்கத்துக் கப்பல்களுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த வாரியரையும் 1920-களில் விலைக்கு விட்டார்கள். பழைய இரும்புச் சந்தை படுத்திருந்த நேரம், ஆள் வரவில்லை.

1929-ல் வேல்ஸின் பெம்ப்ரோக் டாக்குக்கு இழுத்துப் போனார்கள். எண்ணெய் நிரப்ப வரும் கப்பல்கள் இதன் ஓரம்தான் ஒதுங்கும். ஐம்பது வருடத்தில் சுமார் 5,000 கப்பல்கள் அப்படி வந்துபோயின. அலங்காரம் எல்லாம் போன பிறகும், உடல் மட்டும் உறுதியாக இருந்தது.

1979-ல் ஹார்ட்டில்பூலில் மீட்புப் பணி தொடங்கியது. 1987-ல் போர்ட்ஸ்மவுத் திரும்பியது. இன்று அங்கே பார்க்கும் எஞ்சின் புதிதாகச் செய்த மாதிரி. பாய்மரங்களும் புதியவை. இரும்பு உடல் மட்டும் 1860-ல் தேம்ஸில் இறங்கிய அதே உடல்.