அது வளர்ந்தால் என்ன மீன்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், இத்தாலிய நாட்டு உணவு வழக்கங்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றினை மாணவர் பயிற்சிக்கெனத் தமிழாக்கினேன். கடற்கரை ஊரவர் மிகச் சிறிய மீன்களை மாவிற் கலந்து பொரித்துண்பர் என்று அதிலே ஓரிடம் வந்தது. அம்மீனுக்கு ஆங்கிலத்தில் 'வைற்பெயிற்' என்று பெயர் தரப்பட்டிருந்தது. 'வைற்' என்பது வெண்மை. 'பெயிற்' என்பது தூண்டிலிரை. எனவே 'வெள்ளிரை மீன்' என்று எழுதினேன்; சொல்லாக்கம் நன்கு வாய்த்தது என்று மகிழவும் செய்தேன். வகுப்பிலே அதனை வாசித்தபோது, மீனவர் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அது வளர்ந்தால் என்ன மீன்?" என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை.

அவ்வினாவே என்னை இத்தாலிய அகராதியின்பாற் செலுத்தியது. மூலத்தைத் தேடிப் பார்த்தபோது அங்கே 'பியாங்கெத்தி' என்றிருந்தது. 'சிறு வெண்மையர்' என்பது அதன் சொற்பொருள். ஆங்கிலத்திலும் வெண்மை, இத்தாலியத்திலும் வெண்மை. ஆகவே இரண்டும் ஒன்றே என்று ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கொண்டார் போலும். அவரை நம்பி யானும் அவ்வழியே சென்றேன். ஆயின் மீன்கள் ஒன்றல்ல.

இத்தாலியரின் பியாங்கெத்தி, சாளை, நெத்தலி ஆகிய மீன்களின் பிஞ்சுப் பருவம். சில சென்ரிமீற்றர் நீளமே உடையது, உடல் பளிங்குபோல் ஊடு தெரிவது, வேகவைத்தால் வெண்ணிறமடைவது. லிகூரியாக் கரையோரத்தார் தம் பேச்சு வழக்கில் இதனைச் 'ஜியாங்கெத்தி' என்பர். தெற்கே கலாபிரியாவில் இதற்கு 'நெயொனாத்தா', அதாவது 'புதிதாய்ப் பிறந்தது' என்று பெயர். அதனை உப்பும் மிளகாயும் கூட்டிப் பிசைந்து 'சார்தெல்லா' என்னும் ஊறுபண்டம் செய்வது அவ்வூர் மரபு.

ஆங்கிலேயரின் வைற்பெயிற்றோ ஹெரிங், ஸ்பிறற் என்னும் வடகடல் மீன்களின் இளமைப் பருவம். வெள்ளி நிறமும் திருந்திய உருவமும் பெற்றுவிட்ட குஞ்சுகள் அவை. 19ஆம் நூற்றாண்டிலே தேம்ஸ் நதிக்கரைக் கிறீனிச்சில், அரசியல் அமைச்சர்கள் கூடி இம்மீன் விருந்துண்பது பெருவழக்காயிருந்தது. இதனைத் தனியொரு மீனினமென்றே வில்லியம் யாரல் என்னும் ஆங்கில இயற்கையறிஞர் கருதினார். அது பிற மீன்களின் குஞ்சே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நியூசிலாந்துக்குச் சென்றால் அதே ஆங்கிலச் சொல், ஆற்றிலே ஏறிவரும் முற்றிலும் வேறான மீன்குஞ்சுகளைக் குறிக்கின்றது. ஒரு மொழிக்குள்ளேயே கடல் கடந்தவுடன் பொருள் மாறும் சொல்லை, வேற்றுமொழிச் சொல்லுக்கு நேராக நிறுத்துதல் எங்ஙனம் பொருந்தும்?

நம் தொல்காப்பிய மரபியலைக் கற்றவர்க்கு இது வியப்பன்று. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று முதலாக ஒன்பது இளமைப் பெயர்களை வகுத்து, இன்னதற்கு இன்னது உரியது என்று அவ்வியல் வரையறை செய்கின்றது. பசுவின் கன்றைக் குருளை என்பானைக் கண்டு சிறாரும் நகைப்பர். இளமைப் பெயர் அகராதியால் அமைவதன்று, மரபால் அமைவது. மரபோ, அவ்வுயிரோடு நாளும் பழகியவர் வாயிலே பிறப்பது.

பழகிய மக்கள் எதனை நோக்கினர் என்பதைச் சொற்களே காட்டிவிடும். மீன்குஞ்சை இத்தாலியர் 'அவன்னொத்தோ' என்பர். 'இவ்வாண்டு' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்தது அது. 'இவ்வாண்டுப் பிறப்பு' என்பது கருத்து. ஆங்கிலேயரோ சற்று வளர்ந்த குஞ்சை 'ஃபிங்கர்லிங்' என்பர். விரலளவினது என்பது கருத்து. ஒருவர் ஆண்டை எண்ணினார். மற்றவர் நீளத்தை அளந்தார். முன்னதைப் பின்னதாகப் பெயர்த்தால், காலத்தைக் கூறிய சொல் அளவைக் கூறுவதாய்த் திரிந்துவிடும். பொதுப்பட 'ஃபிறை' என்று கூறின் பிழை குறையும். ஆயினும் ஆண்டுக் கணக்கு மறைந்தே போகும்.

வெனிஸ் நகரத்தார் தம் கடல்மீன்களுள் ஒன்றாகிய 'பிறன்சீனோ'வின் இளமையைப் 'பாயிக்கோலோ' என்பர். அந்நகரிற் செய்யப்படும் மெல்லிய பிஸ்கற்றுக்கும் அதன் வடிவொப்புமை பற்றி இதே பெயர் வழங்குகின்றது. இடமறியாத மொழிபெயர்ப்பாளர், தேநீரோடு மீன்குஞ்சு தின்றனர் என்று எழுதிவிடுதல் கூடும்!

விலாங்கின் கதை இன்னும் நுண்ணியது. ஆர்னோ நதி கடலோடு கலக்கும் பீசாப் பகுதியிலே, கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் விலாங்குக் குஞ்சுகளுக்குச் 'சேக்கே' என்று பெயர். 'குருடுகள்' என்பது சொற்பொருள். ஆங்கிலத்தில் அப்பருவத்தைக் 'கண்ணாடி விலாங்கு' என்னும் பொருள்படவும், நிறமேறிய பின் 'எல்வர்' என்றும் வழங்குவர். சொல்லுக்குச் சொல் வைத்துக் 'குருட்டு விலாங்கு' என்றால், கண்ணில்லாத வேறோர் இனமென்றே வாசகர் கொள்வர். உண்மையில் ஊடு தெரியும் அவ்வுடலிலே கண்களே கரும்புள்ளிகளாய்த் தோன்றும்.

இவ்வகைப் பிழையில் அறிவியலாரும் அகப்பட்டனர். விலாங்கின் முதற்பருவம் ஓர் இலைபோன்று தட்டையானது. 1856இல் காவுப் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனைத் தனியொரு மீனெனக் கொண்டு 'லெப்றொசெபலஸ்' என்னும் பெயரோடு சேர்த்து வகைப்படுத்தினார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, இத்தாலிய அறிஞராகிய கிறாசியும் கலாந்துருச்சியோவும் மெசீனாக் கடலில் ஆராய்ந்து, அது வளர்ந்து விலாங்காவதைக் கண்டு நிறுவினர். என் மாணவன் கேட்ட வினாவைத்தானே அவர்களும் கேட்டனர்!

வினாவைக் கேளாதொழிதலால் விளையும் கேடு நகைப்போடு நிற்பதன்று. இத்தாலியக் கடலிலே 'றொசெத்தோ' என்றொரு சிறுமீன் உண்டு. 'சிறு செம்மையன்' என்பது பொருள். பியாங்கெத்தியைப் போன்றே சிறிதாய், ஊடு தெரிவதாய் இருக்கும். ஆயின் அது குஞ்சன்று. உழுவைக் குடும்பத்தைச் சேர்ந்த முதிர்ந்த மீன். ஓராண்டளவே வாழ்ந்து, அச்சிறுமையிலேயே இனம்பெருக்கி மடிவது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் மத்தியதரைக் கடலுக்கென விதித்த ஒழுங்கின்படி, சாளை 11 சென்ரிமீற்றரும் நெத்தலி 9 சென்ரிமீற்றரும் நிரம்பாமற் பிடித்தலாகாது. சிறுகண் வலைகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு 2010ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு முடிந்தது. பியாங்கெத்தி மீன்பிடியும் அதனோடு முடிந்தது. றொசெத்தோவுக்கோ, முதிர்ந்த மீனாதலின், இத்தாலியக் கரையின் சில பகுதிகளிலே 2011இற் சிறப்பு அனுமதி வழங்கப்பெற்றது.

ஆங்கிலத்திலே இவ்விரண்டையும் 'வைற்பெயிற்' என்று பெயர்த்தால் என்ன நேரும்? விலக்கப்பட்டதும் விதிக்கப்பட்டதும் ஒரே சொல்லாய் முடியும். அனுமதி பெற்ற மீனவன் குற்றவாளியாவான். அல்லது பிஞ்சு மீனை அழிப்பவன் நல்லவனாவான். நாளை பெருமீனாய்க் கடலை நிறைக்க வேண்டிய குஞ்சும், நாளை என்பதில்லாத முதிர்மீனும் ஒரு கூடையில் வீழும்.

ஆகவே மொழிபெயர்க்கப் புகும் மாணவர்க்கு யான் கூறுவது இது. சொல்லின் பொருளைக் காணுமுன் சொல் சுட்டும் பொருளைக் காண்க. அதன் இனம் யாது, பருவம் யாது, எக்கரையார் வழங்குவது என மூன்றினையும் அறிக. நேர்ச்சொல் கிடையாதெனின், மூலப் பெயரையே வைத்து ஒரு வரியில் விளக்கம் தருதல் இழுக்கன்று. பொய்யான நேர்ச்சொல்லே இழுக்கு. பியாங்கெத்தி பிடித்தல் நின்றபின், அதற்கு ஊர்தோறும் வழங்கிய பெயர்களும் முதியோர் நாவோடு அருகிப் போதல் கூடும். அவற்றை ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்குதல், எஞ்சியவற்றையும் வலிந்து புதைப்பதாகும்.

என் பழைய ஏட்டிலே 'வெள்ளிரை மீன்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'பியாங்கெத்தி என்னும் சாளை நெத்தலிப் பிஞ்சுகள்' என்று எழுதி வைத்துள்ளேன். அழகிற் குறைந்த தொடர்தான். ஆயினும் அது வளர்ந்தால் என்ன மீன் என்று இனி எவர் கேட்பினும், ஏடே விடை கூறும்.