உப்பு நீரும் ஒரு கேள்வியும்

பாலாநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், இன்டர்மீடியட் தேறிய பெண் ஒருத்தி "நர்சிங் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், பெரியவர்களின் முகம் சற்றே வாடுவதை நாம் கண்டிருக்கிறோம். டாக்டர் சொன்னதைச் செய்யும் வேலைதானே என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையே தக்க சான்றாகும்.

இரத்தப் புற்றுநோயாளர் சிலருக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்யப்படுகிறது. முதலில் கடுமையான மருந்துகளைச் செலுத்தி, எலும்பு மஜ்ஜையிலுள்ள நோயணுக்களை அழிப்பர். பின்னர், நல்ல ஸ்டெம் செல்களை இரத்தம் ஏற்றுவது போலவே உடலில் ஏற்றுவர். அவை தாமாகவே மஜ்ஜையைச் சென்றடைந்து, இரண்டு மூன்று வாரங்களில் வேரூன்றிப் புது இரத்தத்தை உண்டாக்கத் தொடங்கும். அதுவரை உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாமற் போகின்றன. வாயின் உட்புறம் புண்ணாகித் தண்ணீர் விழுங்குவதும் அரிதாகும். அப்புண்ணின் வழியே கிருமிகள் இரத்தத்திற் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

அந்நாட்களில் இரவும் பகலும் அருகிலிருந்து அத்துயரைக் காண்பவர் நர்ஸே. கண்டவர் இரங்கியதோடு நின்றுவிடவில்லை; ஆராயவும் தலைப்பட்டார்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியையாக விளங்கியவர் மேரிலின் டாட். புற்றுநோய் மருந்தால் வாய்ப்புண் கண்ட நோயாளரிடம், மூன்று வகைக் கொப்பளிப்பு நீர்களை அவர் குழுவினர் ஒப்பிட்டுச் சோதித்தனர். ஒன்று குளோர்ஹெக்சிடின், மற்றொன்று மரத்துப்போகச் செய்யும் மருந்து சேர்ந்த கலவை, மூன்றாவது, உப்பும் சமையல் சோடாவும் கரைத்த வெறும் நீர். முறையான வாய்ச் சுத்தத்துடன் பயன்படுத்தியபோது மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனையே தந்தன. எனவே விலை குறைந்த உப்பு நீரே போதும் என்று 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மருந்துக் கடையில் பணத்தைக் கொட்டும் ஏழைக் குடும்பத்திற்கு இது சிறிய உதவியா?

பனிக்கட்டியின் பயனும் இத்தகையதே. மெல்பலான் என்னும் மருந்தை ஏற்றும்போது பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால், குளிர்ச்சியால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, வாய்க்குச் செல்லும் மருந்து குறைகிறது, புண்ணும் குறைகிறது. ஆயினும் இவற்றை யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவமனையார் சொல்லவே கேட்டுச் செய்தல் வேண்டும்.

நம் நாட்டில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அதனை மேற்கொண்டது. அதே வேலூரில் நர்சுகளுக்கான பள்ளி 1909இலேயே தோன்றி, 1946இல் பட்டப்படிப்பாகவும் உயர்ந்தது. பயின்ற கைகள் முன்பே இருந்தமையால் அன்றோ அரிய சிகிச்சைக்கும் அங்கு இடம் உண்டாயிற்று! இன்று நம் ஐதராபாத்திலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரார் ஒருவர் நோயுற்றால் பழமும் பூவுமாகக் கூட்டமாய்ச் சென்று நலம் விசாரிப்போம். வாயிலில் நர்ஸ் தடுத்தால் முகம் சிவப்போம். அவர் தடுப்பது நம் அன்பையன்று. நம் கையிலும் மூச்சிலும் வரும் கிருமிகளையே. அந்தப் பெண்ணின் சொல்லுக்குப் பணிந்து வெளியே நிற்பதும் நோயாளிக்கு நாம் செய்யும் தொண்டேயாகும்.

அடுத்த முறை நம் வீட்டுப் பெண் நர்சிங் படிக்க விரும்பினால், முகம் வாடாது வாழ்த்தி அனுப்புவோமாக. அவள் கைகளோடு அறிவும் அங்கே பணிபுரியப் போகிறது. நாளை ஏதோ ஒரு நோயாளி வலியின்றி ஒரு வாய்க் கஞ்சி குடிப்பதற்கு, அவள் கேட்கும் கேள்வியே காரணமாகலாம்.