ஆட்டிசம் உள்ள குழந்தையின் உடலில் புதிய அறிகுறி தோன்றினால்

ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வந்தனர். இரண்டு வாரங்களாக அவன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான், உணவைத் தள்ளினான், இரவில் உறங்கவில்லை. ஆவேசத்தைத் தணிக்கும் மருந்தின் அளவைக் கூட்டுமாறு பெற்றோர் கேட்டனர். நானும் முதலில் அதற்கு இசையவே இருந்தேன். பின்னர் வாயைத் திறந்து பார்த்தபோது, கடைவாய்ப்பல் சொத்தையாகி ஈறில் சீழ் கட்டியிருந்தது. பல்லுக்குச் சிகிச்சை அளித்த சில நாட்களில் அறைவது நின்றது. மருந்தைக் கூட்டியிருந்தால் அவன் அடங்கியிருப்பான், வலி அடங்கியிராது.

வலியைச் சொல்ல இயலாத குழந்தை அதை நடத்தையால் காட்டுகிறது. தலையை மோதுவதும் காதைப் பொத்துவதும் காதுவலியாகவோ பல்வலியாகவோ இருக்கலாம். வயிற்றை அழுத்திக்கொண்டு படுப்பதற்கு மலச்சிக்கல் காரணமாகலாம். மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்னும் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவு உள்ளதா என இரத்தப் பரிசோதனை தேவை. அழைத்தாலும் தொட்டாலும் திரும்பாமல் சில விநாடிகள் வெறித்து நிற்பது வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது.

மருந்துகளையும் மறக்கலாகாது. ரிஸ்பெரிடோன் பசியையும் எடையையும் கூட்டும்; மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும். ரிஸ்பெரிடோன் உட்கொள்ளும் குழந்தைக்குக் கழுத்து ஒருபுறம் இழுத்துக்கொண்டாலோ, கண்கள் மேலே செருகினாலோ, உடல் விறைப்புடன் கடுங்காய்ச்சல் கண்டாலோ, உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மற்ற வேளைகளில் எம்மருந்தையும் நீங்களாகவே நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்; வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

மருத்துவரிடம் வரும்போது, மாற்றம் தொடங்கிய நாள், உணவு, உறக்கம், மலம் கழித்தல், அண்மையில் மாற்றிய மருந்து ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். அந்த நடத்தையைக் கைப்பேசியில் படம்பிடித்து வந்தால் மிகவும் உதவும்.

நாள்தோறும் உடனிருக்கும் உங்களுக்கே குழந்தையின் இயல்பு நன்கு தெரியும். "இது வழக்கமானதன்று" என்று உங்களுக்குத் தோன்றினால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். "ஆட்டிசத்தால்தான்" என்று மருத்துவரே கூறினாலும், "காது, பல், வயிறு ஆகியவற்றைப் பார்த்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். அக்கேள்வியை எந்த மருத்துவரும் தவறாகக் கொள்ளலாகாது.