வாயுவையும் எடை போட்டால்

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தாருக்கு நெய்வேலிச் சுரங்கத்தின் பக்கெட் வீல் புதிதல்ல. அந்த ராட்சதச் சக்கரத்தில் அச்சருகே வேகம் குறைவு, விளிம்பிலுள்ள வாளிக்கு அதிகம். எல்லாவற்றையும் இரும்பு ஒன்றாகப் பிணைத்திருக்கிறது. சூரியக் குடும்பத்தைப் பிணைப்பது ஈர்ப்பு. அது தொலைவில் வலுவிழப்பதால் அங்கே நிலைமை தலைகீழ்: புதன் நொடிக்கு 47 கி.மீ. ஓடுகிறது, நெப்டியூன் 5 கி.மீ.க்குச் சற்று மேல். விண்மீன் மண்டலம் இந்த இரண்டிலும் சேராது. 1970இல் அமெரிக்க வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை அளந்தபோது, ஓரத்துக்குப் போன பிறகும் வேகம் எதிர்பார்த்தபடி விழவில்லை. தெரியும் பொருளின் ஈர்ப்பு அவ்வளவு வேகத்தைத் தாங்காது. ஆகவே தெரியாத கரும்பொருள் சூழ்ந்திருக்கிறது என்பதே பெரும்பாலான அறிவியலாளர்களின் முடிவு.

இஸ்ரேலிய இயற்பியலர் மோர்டெகாய் மில்க்ரோம் 1983இல் பொருளைக் கூட்டவில்லை, விதியைத் திருத்தினார். ஈர்ப்பு முடுக்கம் பூமியின் தரையில் இருப்பதில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால், தூரம் இரட்டிக்கும்போது ஈர்ப்பு கால்பங்காகாமல் பாதியாகவே குறையும் என்றார். வட்டமாகச் சுற்றத் தேவையான விசையும் அதே கணக்கில் குறைவதால் வேகம் மாறாது. விடையைப் பார்த்து விதியை வளைத்தார் என்று சிலர் சொல்வார்கள். மாறாத வேகத்தைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆனால் அந்த விதி மேலும் ஒன்றைச் சொல்கிறது: நிறை 16 மடங்கானால் வேகம் 2 மடங்காகும். இதைச் சோதிக்க மங்கலான குள்ள மண்டலங்களே உரைகல். புனே அருகே கோடாட்டில் 45 மீட்டர் அகலமுள்ள 30 வட்டில்களோடு நிற்கும் ராட்சத ரேடியோ தொலைநோக்கி, அவற்றின் ஹைட்ரஜன் வாயுவை அளந்தது. விண்மீன்களின் ஒளியை மட்டும் கணக்கெடுத்தால் அவை பெரிய மண்டலங்களின் வரிசையிலிருந்து விலகி நின்றன. வாயுவின் நிறையையும் சேர்த்ததும் விலகல் வெகுவாகச் சுருங்கியது. தெரியும் பொருளுக்கும் வேகத்துக்கும் இவ்வளவு நெருக்கம் இருப்பது தற்செயலாகாது.

வலுவான மறுப்பு மண்டலக் கொத்துகளிலிருந்து வருகிறது. அங்கே மில்க்ரோம் விதிப்படிக் கணக்கிட்டாலும் நிறை பற்றவில்லை. புல்லட் கொத்தில் இரண்டு கொத்துகள் மோதி, தெரியும் பொருளில் பெரும்பகுதியான வாயு நடுவே தேங்கிவிட்டது. ஒளியை வளைக்கும் ஈர்ப்போ இருபுறமும் விலகி நிற்பதை 2006இல் காட்டினார்கள். இந்தச் சான்றுக்கு முன்னால் கரும்பொருளை அடியோடு மறுக்க முடியாது என்பதே என் தீர்ப்பு. ஆயினும் கரும்பொருளை ஏற்பவர்கள், தெரியும் பொருளுக்கும் வேகத்துக்கும் உள்ள அந்த நெருக்கத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பல பத்தாண்டுத் தேடலுக்குப் பிறகும், கரும்பொருள் துகள் ஒன்றுகூட எந்த ஆய்வுக்கூடத்திலும் ஐயமறப் பிடிபட்டதில்லை.