நானூறு பேருக்குப் போன மின்னஞ்சல்

2017 மார்ச் 9. அமெரிக்காவின் அட்லான்டா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் 400-க்கும் மேற்பட்டோருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற மென்பொருளில் ஆபத்தான ஓட்டை இருக்கிறது, அதைப் பயன்படுத்துவோர் 48 மணி நேரத்துக்குள் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், போட்டுவிட வேண்டும் என்பது செய்தி. அந்த பேட்ச் இரண்டு நாள் முன்பே இலவசமாக வெளியாகியிருந்தது. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புக் குழுவும் முந்தைய நாளே எச்சரித்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்த ஆண்டு ஏறத்தாழ 14.8 கோடி அமெரிக்கர்களின் அந்தரங்கத் தகவல்கள் அந்த நிறுவனத்திலிருந்து களவு போயின.

வங்கியில் கடன் கேட்டுப் போனால் நம் ஊரில் 'சிபில் ஸ்கோர் எவ்வளவு?' என்று கேட்கிறார்கள் அல்லவா, அந்தத் தொழிலைத்தான் ஈக்விஃபேக்ஸ் 1899-இலிருந்து செய்துவருகிறது. யார் கடனை ஒழுங்காகக் கட்டினார், யார் தவணை தவறினார் என்ற விவரத்தை வங்கிகளிடமிருந்து திரட்டி, கடன் கொடுப்பவர்களுக்கு விற்பது அதன் வேலை. திருட்டுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் அதற்குத் தங்கள் கையால் எந்தத் தகவலையும் கொடுத்தவர்கள் அல்லர். நிறுவனத்தைப் பிடிக்கவில்லை என்று விலகிப்போகவும் அவர்களுக்கு வழியில்லை. அதனால்தான் இந்த அலட்சியம் மற்ற அலட்சியங்களைவிடக் கனமானது.

ஓட்டை எப்படிப்பட்டது? இணையதளம் ஒன்றில் கோப்பைப் பதிவேற்றும்போது, 'இது இன்ன வகைக் கோப்பு' என்று உலாவி ஒரு சிறு வரியையும் சேர்த்து அனுப்பும். அந்த வரி புரியாவிட்டால் ஸ்ட்ரட்ஸ் ஒரு பிழைச்செய்தியைத் தயாரிக்கும். வந்த வரியையும் அந்தச் செய்திக்குள் எடுத்துப்போட்டுக்கொள்ளும். கோளாறு அங்கேதான். எடுத்துப்போடும்போது அந்த வரியை வெறும் எழுத்தாக மட்டும் பார்க்காமல், நிறைவேற்ற வேண்டிய கட்டளையாகவும் அது படித்துவிடும். கோப்பின் வகை இருக்க வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதி அனுப்பினால் போதும், தொலைவிலிருக்கும் சர்வர் அதைச் செய்து முடிக்கும். பாஸ்வேர்டு தேவையில்லை, உள்ளே ஆள் தேவையில்லை.

பேட்ச் வெளியானால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. எதை எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்பதை பேட்ச்சே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதுவரை ஓரிருவருக்குத் தெரிந்திருந்த ஓட்டை அன்று முதல் உலகத்துக்கே தெரியும். ஈக்விஃபேக்ஸின் சர்வரில் அந்த ஓட்டை இருக்கிறதா என்று மர்ம நபர்கள் சோதித்துப் பார்த்தது மார்ச் 10 அன்று, அதாவது மின்னஞ்சல் போன மறுநாள்.

அந்த மின்னஞ்சல் என்ன ஆயிற்று என்பதை அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் பின்னர் தோண்டித் துருவின. வாடிக்கையாளர் புகார்களுக்கான பழைய இணையதளம் ஒன்றில் ஸ்ட்ரட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 1970-களில் உருவான அமைப்பின் மேல் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட தளம் அது. அதில் ஸ்ட்ரட்ஸ் இருப்பதை அறிந்த மென்பொருளாளர் மின்னஞ்சல் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளர் இருந்தார். அவரிடமிருந்து தகவல் கீழே போகவில்லை. மார்ச் 15 அன்று ஸ்கேன் ஓட்டிப் பார்த்தார்கள். அது மேல்நிலைக் கோப்புறையை மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் உட்கோப்புறையில் இருந்தது. 'எதுவும் இல்லை' என்று முடிவு வந்தது. எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

மே 13 அன்று திருட்டு தொடங்கியது.

உள்ளே நுழைந்தவர்களுக்கு ஒரு கோப்பு கிடைத்தது. அதில் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் எந்த மறையாக்கமும் இல்லாமல் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு, புகார்த் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத 48 தரவுத்தளங்களைத் திறந்தார்கள். ஏறக்குறைய 9,000 முறை தேடினார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் என்று அள்ளினார்கள். 76 நாள் யாரும் கவனிக்கவில்லை.

கவனிக்க ஒரு கருவி இருக்கத்தான் செய்தது. மறையாக்கம் செய்யப்பட்டு வெளியே போகும் தகவலைப் பிரித்துப் பார்க்க அதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் தேவை. அது காலாவதியாகி 19 மாதம் ஆகியிருந்தது. கருவியின் கண்ணில் எதுவும் படாமலே தகவல்கள் கடந்துபோயின. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து திரையில் தெரிந்தது. மறுநாள் தளத்தை மூடினார்கள். மக்களுக்கு விஷயத்தைச் சொன்னது செப்டம்பர் 7 அன்று. அவர்களுக்கு உதவத் தனி இணையதளம் திறந்தார்கள். ஆனால் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே, அதே போன்ற பெயரில் வேறொருவர் தொடங்கிய போலித் தளத்தின் முகவரியைப் பல முறை கொடுத்தது. நல்லவேளையாக, அந்த ஆள் இப்படிப் போலித் தளம் தொடங்குவது எவ்வளவு எளிது என்பதை உணர்த்தவே அதைத் தொடங்கியிருந்தார்.

தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித் பதவி விலகினார். அக்டோபரில் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்தபோது, பேட்ச் போடச் சொல்ல வேண்டிய ஒரு தனிநபர் சொல்லத் தவறிவிட்டார் என்றார். இந்த விளக்கத்தை ஏற்க முடியாது. 14.8 கோடி பேரின் பாதுகாப்பு ஒருவர் ஒரு மின்னஞ்சலை அனுப்புவதில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், தவறு அந்த ஒருவருடையது அன்று, அப்படித் தொங்கவிட்டவர்களுடையது. 2015-இலேயே நிறுவனத்தின் உள்தணிக்கை, சரிசெய்யாத 8,500-க்கும் மேற்பட்ட பலவீனங்களைச் சுட்டிக்காட்டியிருந்தது. பேட்ச் போட்டார்களா என்று சரிபார்க்க ஆளில்லை. போட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் வேலை நடக்கிறது என்றும் அதே தணிக்கை சொன்னது. முழுமையாகத் தடுத்திருக்கக்கூடிய சம்பவம் இது என்று 2018 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அறிக்கை தந்தது. 2020-இல் இந்தத் திருட்டுக்காகச் சீன ராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது, சீனா மறுத்தது.

அதே 2017-இல் இன்னொரு பேட்ச்சும் வந்தது. மார்ச் 14 அன்று விண்டோஸுக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதைப் போடாத கணினிகளை மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற தீநிரல் பிடித்தது. ஈக்விஃபேக்ஸ் திருட்டு தொடங்கியதற்கு முந்தைய நாள் அது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 236 மருத்துவ அமைப்புகளில் 80 பாதிக்கப்பட்டன. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. சென்னை அருகே ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் தப்பவில்லை. உலகமே பேட்ச் பேட்ச் என்று அலறிய அந்த வாரத்திலும் ஈக்விஃபேக்ஸின் புகார்த் தளத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தன்னிடம் என்னென்ன மென்பொருள் எங்கெங்கே ஓடுகிறது என்று தெரியாத நிறுவனத்துக்கு எந்த எச்சரிக்கையும் உதவாது. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' ஓட்டை வெளியானபோது இது உலகளவில் தெரிந்தது. மென்பொருளில் நடக்கும் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் சின்ன நிரல் தொகுப்பு லாக்4ஜே. ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்குள் புதைந்திருந்தது. அது தங்களிடம் இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிக்கவே பல நிறுவனங்களுக்கு வாரக்கணக்கானது. இப்போது மென்பொருளை வாங்கும்போதே, அதற்குள் இருக்கும் பாகங்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள் என்கிறார்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் 2024-இல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. லாக்4ஜேயை ஆராய்ந்த அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் 2022 ஜூலையில் தந்த கணிப்பின்படி, பேட்ச் போடாத பிரதிகள் இன்னும் பத்து ஆண்டுகளுக்கோ அதற்கு மேலோ கணினிகளில் கிடக்கும்.